பேனாவை மூடச் சொன்ன வக்கீல்

வக்கீல் கோவர்த்தனன் ஐயா இறந்துபோனார் என்று எனக்குப் போன் செய்தது என் அண்ணன்தான். "ஏத்தா, நம்ம வக்கீலு போயிட்டாருத்தா" என்று சொல்லி அழுதார். ஐயாவை அறிந்தவர்களுக்கு அண்ணன் அழுததில் ஆச்சரியம் இருக்காது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா கூலி வேலை பார்த்தே பேரையூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியவர். அவர் காலமானதும் அண்ணன் எனக்குப் பட்டுச்சேலை எடுத்து வந்தார். எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: தங்கச்சி தன் பாகம் வேண்டாமென்று கையெழுத்துப் போட வேண்டும். நானும் அதைக் கட்டிக்கொண்டு, பத்திரம் எழுத அண்ணன் அமர்த்தியிருந்த கோவர்த்தனன் ஐயாவின் திருநகர் வீட்டுக்குப் போனேன்.

ஐயா பத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"அஞ்சாப்பு."

"போதுமே. சத்தமா வாசிங்க."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த நிலத்தில் அப்பாவோடு கல் பொறுக்கியவள் நான்.

"இது பொய்யில்லையா அண்ணே?"

"பத்திரத்துல அப்பிடித்தான்த்தா இருக்கும். மேக்கொண்டு வாசி."

ஐயா குறுக்கே வந்தார். "முழு மனசு இருந்தா போடுங்க. இல்லேன்னா பேனாவை மூடுங்க."

மூடினேன்.

அண்ணன் குதித்தார். "நான் கூட்டியாந்த வக்கீலு எனக்கே வேட்டு வைக்கிறாரே!"

"உங்களத்தான்யா காப்பாத்துறேன். மனசில்லாம போட்ட கையெழுத்து என்னைக்காவது கோர்ட்டுல வந்து நிக்கும்."

ஆறு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஐயாவே பஸ் ஏறி வந்து, எங்கள் இருவரையும் வரப்பில் நடக்கவைத்தார். நிலம் ஆளுக்குப் பாதி, கிணறு பொது என்று முடிந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை இந்தத் தடவை அண்ணன் வாசிக்க வேண்டும் என்றார். அண்ணன் மூன்றாம் வகுப்பு. தடுமாறிய இடமெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அஞ்சாப்புத் திமிரப் பாரு!"

ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஐயா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

என் பாதியில் விளைந்த பருத்திதான் பேத்தியை இன்ஜினியர் ஆக்கியது. போன வாரம் அவள் பேங்க் பாரம் ஒன்றை நீட்டி, "சும்மா போடு அப்பத்தா" என்றாள். கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்த பிறகுதான் போட்டேன். ஐயாவிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பழக்கம். நான் இருக்கும்வரை அது என்னோடு இருக்கும்.

ஐயாவுக்கு மாலை போட அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். வாசலில் இரங்கல் நோட்டு வைத்திருந்தார்கள். "நீ எழுது, அஞ்சாப்பு" என்று அண்ணன் என் பக்கம் தள்ளினார். 'முழு மனதுடன்' என்று தொடங்கி எழுதினேன். அண்ணனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டோம்.