பேச்சியம்மாளின் சிவப்பு அம்புகள்

ஓசூர் பாகலூர் சாலையில் 'மயூரதோரணம்' ஜவுளிக்கடை வந்து நான்கு வருடம் ஆகிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மயில் தோகையை விரித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் பன்னீர் தெளிப்பார்கள், ஏசி முகத்தில் அடிக்கும், கூரையெல்லாம் மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் கோணிச் சாக்கைக் காட்டினாலும் பட்டு என்று சொல்லி வாங்கிவிடுவோம். அந்த விளக்குகளுக்கு ஆன செலவில் பாதியைத் துணியில் போட்டிருந்தால், பேச்சியம்மாளின் கதையை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

பேச்சியம்மாள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கணவர் பரமசிவத்துக்கு ஓசூர் சிப்காட்டில் லேத் வேலை கிடைத்ததும் கைக்குழந்தையோடு வண்டி ஏறி வந்தவள். வந்த மறு வருடமே ஏற்றுமதி ஆடைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவள் செக்கர். தைத்து வருகிற சட்டையை வாங்கி, காலர், தோள், அக்குள், விலா, அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்த்து, உள்பக்கம் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரிசெய்ய முடியாத சட்டை என்றால், உள்பக்க அடிமடிப்பில் அழியாத மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் தன் நம்பரை எழுத வேண்டும். அவள் நம்பர் இருபத்தேழு. ஒரு சட்டைக்கு நாற்பது நொடி. பதினெட்டு வருடமாக அவள் சரி என்று விட்ட சட்டை ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. வேறு எதற்கும் பெருமைப்படாதவள், இதற்கு மட்டும் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்துவாள்.

மகள் சுப்ரியா டிப்ளமோ முடித்து ஒரு மோட்டார் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே கூட வேலை பார்த்த சிவராஜைப் பிடித்துப்போயிற்று. பையன் தங்கம். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு உள்ள குடும்பம். அவன் அம்மா வெள்ளையம்மாவுக்குத்தான் இதில் அரை மனசு. தெற்கத்திக்காரர்கள், வாடகை வீடு, அம்மாக்காரியும் கம்பெனிக்குப் போகிறாள் என்று அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது. மகன் பிடிவாதமாக நின்றதால் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயத்துக்கு ஒத்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. எதிலும் குறை வந்துவிடக்கூடாது என்று பேச்சியம்மாள் மயூரதோரணத்துக்குப் போனாள். தப்பு அங்கேதான் நடந்தது. கடை முதலாளி மோகன்குமாரே எழுந்து வந்து, "ஏனு பேக்கு மேடம்?" என்று கன்னடத்தில் என்ன வேண்டும் எனக் கேட்டு, "உக்காருங்க மேடம், காபியா ரோஸ்மில்க்கா?" என்றார். பதினெட்டு வருடமாக 'ஏய் இருபத்தேழு' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவள் அவள். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து ரோஸ்மில்க் குடித்தாள். வான நீலத்தில் ஒரு சட்டை, அட்டைப்பெட்டியில், ஊசி குத்தி, மெல்லிய காகிதம் சுற்றி வந்தது. கழுத்தில் கடையின் தங்கநிற லேபிள்.

"பிரிச்சுக் காட்டவா மேடம்? ஆனா பிரிச்சா திரும்ப இந்த மடிப்பு வராது" என்றார் மோகன்குமார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டையைப் புரட்டிப் பார்க்கிற கை, அன்றைக்கு ரோஸ்மில்க் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

நிச்சயதார்த்த மண்டபத்தில் சிவராஜ் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். பெரியவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டான். சர்ரென்று ஒரு சத்தம். இரண்டு அக்குளும் விட்டுப்போய் உள்ளே பனியன் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெள்ளையம்மா எழுந்து வந்து, கிழிந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, துணிக் கம்பெனில வேலைன்னு சொன்னீங்க. அங்க கழிச்சுப் போட்டத சும்மா எடுத்துக்கினு வந்து எம் புள்ளைக்கு மாட்டி உட்டுட்டீங்களா?"

"ஐயோ மைனி, காசு குடுத்துக் கடையில வாங்குனது. பில்லு இருக்கு."

"பில்லு ஆரு வேணா எழுதலாம். துணியப் பாத்தா தெரியாதா எனக்கு?"

இருநூறு பேர் முன்னால் திருடி என்று சொன்னதாகத்தான் அதற்கு அர்த்தம். பதில் சொன்னால் மகள் வாழ்க்கை போய்விடும் என்று பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் மாமா சென்னப்பன் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே அந்தச் சட்டை. "ஆடி போவட்டும், அப்பால கல்யாணத்தப் பத்திப் பேசிக்கலாம்னு அக்கா சொல்லிச்சு" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சுப்ரியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சியம்மாள் வாசல் வெயிலில் நின்று அந்தச் சட்டையை முதல்முறையாக உள்பக்கம் திருப்பினாள். தங்க லேபிளுக்கு அடியில் பழைய லேபிளை வெட்டிய நூல் பிசிறு இருந்தது. கை தானாக அடிமடிப்புக்குப் போனது. அங்கே மங்கலாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் இருபத்தேழு. அவள் கையெழுத்து.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. போன வருடம் ஓடிய ஆர்டர் அது. இழுத்தால் அக்குள் தையலில் துணியின் இழையே நழுவுகிறது என்று அவள் முந்நூறு சட்டைகளைக் கழித்தாள். சூப்பர்வைசர் கத்தினான், அவள் அசையவில்லை. கழித்ததைக் கம்பெனி, கழித்தது என்றே சொல்லி, மூட்டையாக யாருக்கோ விற்றது. அதை வாங்கி, லேபிள் மாற்றி, பெட்டியில் போட்டு, ரோஸ்மில்க்கோடு அவளுக்கே விற்றிருக்கிறார் மோகன்குமார். வெள்ளையம்மா சொன்னது பாதி உண்மை என்பதுதான் பேச்சியம்மாளுக்கு இன்னும் வலித்தது.

அன்றைக்கே கடைக்குப் போனாள். இந்தமுறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மோகன்குமார் சட்டையைக் கையில்கூட வாங்கவில்லை.

"போட்டுக் கிழிச்சிட்டு வந்து மாத்திக் குடுன்னா எப்படிம்மா? இந்தக் கம்பெனிப் பொம்பளைங்களே இப்படித்தான்" என்று பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார். மேடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். கண்ணாடி மயிலைத் தாண்டும்போது, 'இரு, ஒன்ன வச்சிக்கிடுதேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆடி முழுக்க அதே நினைப்பு. குழம்பு தாளிக்கும்போதும் மோகன்குமார் முகம்தான் எண்ணெயில் பொரிந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் பரமசிவம். "போலாம். தீர்ப்பு வரதுக்குள்ள எம் மவளுக்கு நரைச்சிரும்" என்றாள். மாதக் கடைசியில் அவளே வெள்ளையம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மைனி, ஆவணி மொத ஞாயித்துக்கெழம கல்யாண ஜவுளி எடுக்க வாங்க. அதே கடைக்கு. வந்து ஒங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறமும் நான் கழிச்சதக் களவாண்டு வந்தவன்னு தோணுச்சுன்னா, கல்யாணத்த அங்கனயே நிப்பாட்டிருங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"வரேன்" என்றாள் வெள்ளையம்மா.

ஜவுளி எடுப்பது என்றால் இரண்டு வீட்டு உறவும் திரண்டு போவது வழக்கம். நாகரசம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தது. பெண் வீட்டுப் பக்கம் பேச்சியம்மாளோடு, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஐந்து பெண்கள் இறங்கினார்கள். சித்தி, அத்தை, நாத்தனார் என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் ஐந்து பேரும் அவள் கம்பெனிச் செக்கர்கள். மூத்தவள் சாந்தம்மாவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஒவ்வொருவர் கைப்பையிலும் ஒரு சுருள் சிவப்பு அம்பு இருந்தது. கம்பெனிச் சுருளைத் தொடவில்லை. திருட்டுப் பட்டம் ஒருமுறை வாங்கியது போதும் என்று பேச்சியம்மாள் ஸ்டேஷனரிக் கடையில் தன் காசில் வாங்கியிருந்தாள்.

கல்யாணக் கூட்டத்தைக் கண்டதும் மோகன்குமாருக்கு வாயெல்லாம் பல். பன்னீர் தெளித்தார்கள். ரோஸ்மில்க் வந்தது. பட்டுச் சேலை கட்டியிருந்த பேச்சியம்மாளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"எதையும் பிரிச்சுக் காட்டணும்" என்றாள் சாந்தம்மா, டம்ளரை ஒதுக்கி வைத்துவிட்டு. "மடிப்பு போனா போவட்டும். நாங்க நெறைய எடுக்கறோம்."

பிரித்தார்கள். ஆறு பேரும் உட்காரவில்லை. நின்றார்கள், கம்பெனியில் நிற்பதுபோலவே. காலர், தோள், அக்குள், விலா, அடிமடிப்பு. திருப்பு, மறுபடி பார். சாயம் திட்டாக இருந்த சுடிதாருக்கு ஓர் அம்பு. ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருந்த பேன்டுக்கு ஓர் அம்பு. ஜரிகை பிரிந்து நின்ற சேலைக்கு மூன்று. விற்பனைப் பெண்கள், பிடித்ததற்கு அடையாளம் வைக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இன்னும் எடுத்துப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் மேசை முழுக்கச் சிவப்பு. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் கையில் இருந்த சேலையை நீட்டி, "இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். பூங்கொடி என்கிற சின்ன செக்கர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நடுவில் ஓடிய இழை முடிச்சில் ஓர் அம்பை ஒட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் சேலையை அங்கேயே போட்டுவிட்டு மயிலைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர்.

அப்போதுதான் மோகன்குமாருக்கு உறைத்தது.

"ஏய், என்ன பண்றீங்க? போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க" என்றாள் பேச்சியம்மாள். "ஒரு நூலு பிய்க்கல, ஒரு கறை படல. ஸ்டிக்கரு உரிச்சா வந்துரும். துணில இருக்கிற குறைய உரிக்க முடியுமான்னு போலீஸ் கிட்டயே கேப்போம். அதுக்கு முன்ன, அந்த வான நீலச் சட்ட மிச்சம் இருக்கில்லா, அதக் கொஞ்சம் எடுத்துப் போடச் சொல்லுங்க."

மோகன்குமார் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள், விற்பனைப் பெண் ஒன்பது பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பேச்சியம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்பக்கம் திருப்பி, அடிமடிப்பு தெரியும்படி வரிசையாகப் பரப்பினாள். கடைசியில் மஞ்சப்பையிலிருந்து கிழிந்த சட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பத்துச் சட்டை, பத்துப் பெருக்கல் குறி, பத்து இருபத்தேழு. தன் கம்பெனி அடையாள அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து வெள்ளையம்மா கையில் கொடுத்தாள். பெயருக்குக் கீழே, 'செக்கர் 27'.

வெள்ளையம்மா அட்டையைப் பார்த்தாள், சட்டைகளைப் பார்த்தாள். அவள் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை.

"கழிச்ச சட்டைன்னு நான் சொன்னது நெசம்தானே?" என்றாள்.

"நெசம்தான் மைனி. கழிச்சவ நான். லேபிள மாத்தி எனக்கே வித்தவன் இந்தா நிக்கான்."

வெள்ளையம்மா திரும்பி மோகன்குமாரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா, அழுகுன மாங்காய அடில வெச்சு மேல நல்லத அடுக்கி விக்கறவன எங்க ஊரு மண்டில செருப்பால அடிப்பாங்க. நீ ஏசி போட்டு விக்கற."

முதலாளியின் குரல் கூழாகிவிட்டது. பேச்சியம்மாள் அருகே வந்து கும்பிடாத குறையாக, "லாட்டா வாங்கறது மேடம், நான் எங்க பாத்தேன்? பணம் திருப்பித் தரேன். நீங்க வேணா இங்கயே வேலைக்கு வந்துருங்க மேடம், சம்பளம் கூடப் போட்டுத் தரேன்" என்றார்.

"அந்த மேடத்த நிறுத்துங்க. அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் நான் சட்டையத் திருப்பிப் பாக்காம வாங்கிட்டுப் போனேன்" என்று சொல்லி, பேச்சியம்மாள் ஒரு சிவப்பு அம்பை உரித்து அவர் சட்டைப்பையின் மேல், நெஞ்சைப் பார்க்கும்படி ஒட்டினாள். கடை சிரித்தது. நாகரசம்பட்டிக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

கல்யாண ஜவுளியைக் கிருஷ்ணகிரியில், ஒரே ஒரு டியூப்லைட் எரிகிற பழைய கடையில் எடுத்தார்கள். கடைக்காரரே துணியை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

ஆவணிக் கடைசியில் கல்யாணம். அதே உறவு, அதே இருநூறு பேர், இன்னும் நூறு பேர் அதிகம். முகூர்த்தத்துக்கு முன்னால் வெள்ளையம்மா மாப்பிள்ளையின் சட்டையை எடுத்துக்கொண்டு, எல்லார் கண்ணும் பார்க்க மண்டபத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். பேச்சியம்மாள் முன்னால் நின்று நீட்டினாள்.

"நீ பாத்துக் குடு சம்பந்தி. அப்பால போடட்டும்."

மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து வரக்கூடியது அவ்வளவுதான். பேச்சியம்மாளுக்கு அது போதும்தான். ஆனாலும் சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். காலர், தோள், அக்குள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். சென்னப்பன், "அக்கா, நேரமாவுது" என்றார். வெள்ளையம்மா கையைக் கட்டிக்கொண்டு, முந்நூறு பேர் முன்னால், பேசாமல் காத்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனியில் ஒரு சட்டைக்கு நாற்பது நொடி. அன்றைக்குப் பேச்சியம்மாள் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள்.