அன்செல்மின் பச்சைக் கோட்டு

அன்செல்ம் வோத்ரேவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாரிசில் யாருக்கும் சொல்லத் தெரியாது. நன்றாக உடுத்துவார், நன்றாகப் பேசுவார், விருந்துக்குப் போவார். லிமோஜில் மருந்துக்கடைக்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்து, இருபது வயதில் ஊரை விட்டு வந்தவர், ஐம்பத்தெட்டு வயது வரை அப்படியே காலத்தை ஓட்டிவிட்டார். குடியிருப்பது ஆறாவது மாடியில் ஒற்றை அறை. ஆனால் ஒர்சான் என்ற பெரிய ஆடை நிறுவனத்தின் ஃபேஷன் ஷோவில் முன்வரிசையில் அவர் பெயர் போட்ட நாற்காலி ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் அவரை நாலு பேர் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருமுறை அது காலியாகக் கிடந்தால் அடுத்த முறை வேறொருவர் பெயர் ஏறிவிடும்.

மனிதருக்கு ஒரு கிறுக்கு. கோட்டு புத்தம் புதிதாகத் தெரிந்தால் அது புதுப்பணக்காரன் அலட்டல் என்பார். அதனால் எந்தக் கோட்டு தைத்தாலும் கீழே சீஸ் கடை வைத்திருக்கும் ஃபிர்மேன்தான் முதலில் போட்டுப் பழக்குவார். இருவருக்கும் ஒரே தோள், ஒரே தொப்பை. பழகிய கோட்டை இரண்டு நாள் ஜன்னலில் தொங்கவிட்டு, சீஸ் வாடை போனதும் அன்செல்ம் அணிவார். பதிலுக்கு விருந்து வம்பெல்லாம் ஃபிர்மேனுக்குச் சுடச்சுட வந்துவிடும்.

அந்த வசந்தத்தில் பாசிப்பச்சைக் கோட்டு தாமதமாகத்தான் வந்தது. அதைப் பற்றி ஊரெல்லாம் முன்கூட்டியே தம்பட்டம் அடித்திருந்தார் அன்செல்ம். ஷோ நாளன்று காலை வரை ஃபிர்மேன்தான் போட்டிருந்தார்.

“சீஸ் லாரி இன்னும் வரல முசியே. நீங்க முன்னால போங்க, நான் வாசலுக்கே கொண்டாந்துடறேன்.”

“யோவ், மடிச்சுக் கையில எடுத்துட்டு வந்துடாத. கோட்டு செத்துடும். போட்டுக்கிட்டே வா.”

ஷோ வாசலில் வெள்ளைச் சட்டையும் கையில்லாத கறுப்பு உள்கோட்டுமாக அன்செல்ம் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். பரிமாறும் ஆட்களுக்குப் பொறுப்பானவன் ஓடிவந்தான்.

“இங்க நின்னு என்னய்யா வேடிக்கை? எல்லாரும் உள்ள போயாச்சு, தட்டை எடு!”

அவர் கையில் ஷாம்பெய்ன் தட்டு வந்து உட்கார்ந்தது. அதே நேரம் தெருமுனையில் பச்சைக் கோட்டு தெரிந்தது. போட்டோக்காரர்கள் பாய்ந்தார்கள். வாசலில் வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெண், “முசியே வோத்ரே, உங்க கோட்டைப் பத்திக் கேள்விப்பட்டேன்” என்று ஃபிர்மேனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டாள். அன்செல்ம் தட்டோடு பின்வாசல் வழியாக உள்ளே ஓடினார்.

முன்வரிசையில் அவர் நாற்காலியில் ஃபிர்மேன். பக்கத்தில், அவரை அடிக்கடி விருந்துக்குக் கூப்பிடும் மதாம் கொர்வால். கிட்டப்பார்வை. ஆனால் கண்ணாடி போட்டால் வயது தெரியுமாம், போடமாட்டாள்.

“அன்செல்ம், என்னப்பா இது, பத்து வயசு குறைஞ்சிருக்க! புது சென்ட்டா? அடேயப்பா, உனக்குத் துணிச்சல்தான்!”

ஃபிர்மேன் தட்டோடு வந்தவரைப் பார்த்ததும் முகம் வெளிறி எழப்போனார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி கைக்கு வந்துவிடும். அன்செல்ம் வாயைத் திறந்தார். ஆனால் கண் கோட்டின் மேல் போயிற்று. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாத மாதிரி அமர்ந்திருந்தது. முப்பது வருடமாக அவர் கண்ணாடி முன் நின்று தேடியது அதைத்தான். பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

“உக்காருங்க முசியே வோத்ரே,” என்று ஒரு கிளாஸை நீட்டினார். “ஷோ ஆரம்பிக்கப் போகுது.”

அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. ஃபிர்மேனின் முகம், கீழே அன்செல்மின் பெயர், இந்தப் பருவத்தில் பாரிசிலேயே நேர்த்தியாக உடுத்தியவர் என்று ஒரு வரி. ஃபிர்மேன் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்செல்ம் அதைக் கத்தரித்துத் தன் கண்ணாடிக்கு மேல் ஒட்டிவிட்டு, தினமும் அதேபோல் தொப்பையைத் தள்ளி நின்று பழகினார்.

நாற்காலி பிழைத்தது. இலையுதிர்கால ஷோவுக்கு அவரே போய் அதில் அமர்ந்தார். மதாம் கொர்வால் குனிந்து உற்றுப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள்.

“என்ன இருந்தாலும் போன தடவை மாதிரி இல்லப்பா அன்செல்ம்.”

அன்று மாலை சீஸ் கடையில் ஃபிர்மேனிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அன்செல்முக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.