கல்லுக்குக் காவலாக ஒரு போர்டு

போன வாரம் வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு ராகிக் கொல்லையில் கல் ஒன்று விழுந்தது. ராஜாக்கள் வருவதற்கெல்லாம் முன்பே யாரோ நட்டு வைத்த ஆளுயரக் கல். இத்தனை காலம் நின்றதைத் தள்ளியது யார் என்கிறீர்களா? சாட்சாத் அடியேன்தான்!

பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். (அங்கே யாரும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) 'பாதுகாக்கப்பட்ட சின்னம். தொடுவோர் தண்டிக்கப்படுவர்' என்ற போர்டை நடுவதற்காக, ஒரு மாதம் முன்பு அல்சூரிலிருந்து சைக்கிளில் போனேன். மண் இளக்கம்; கம்பம் ஆடியது. பெரிய கல்லின் அடியில் சின்னக் கற்கள் நெருக்கமாகப் புதைந்திருந்தன. நாலைந்தைப் பெயர்த்துக் கம்பத்துக்கு முட்டுக் கொடுக்கும்படி கூலியாட்களிடம் சொன்னேன்.

நிலத்துக்காரர் முனியப்பா ஓடி வந்தார். "பேடா சாமி, வேணாம், அதை எடுக்காதீங்க! பெரியவரு அதும் மேலதான் நிக்கறாரு."

பெரியவர் என்றது கல்லை. நான் சிரித்தேன்... சர்க்கார் ஆள் அல்லவா?

பிறகு நல்ல மழை. போர்டு அசையவில்லை. கல் படுத்துவிட்டது.

தகவல் வந்ததும் ஓடினேன். சுற்றிலும் விதைப்பு நடக்கிறது. முனியப்பா நிலம் மட்டும் சும்மா கிடக்கிறது. முதல் பிடி விதையைப் பெரியவர் காலடியில் தூவிய பிறகுதான் அந்த வீட்டில் விதைப்பார்களாம்.

"படுத்திருக்கறவருக்கு எப்படி சாமி போடறது? என் சம்சாரம் விதைக்கூடையைத் தொட மாட்டேங்கறா. ஈரம் போயிட்டா இந்த வருஷம் ராகி இல்ல. நாங்களே தூக்கி நிறுத்திடட்டுமா?"

தொட்டால் தண்டனை. அனுமதி கேட்டு எழுதினாலோ, காகிதம் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் அறுவடைக் காலமே வந்துவிடும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. உத்தியோகம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது — பொய் சொல்வானேன்?

"முனியப்பா, நான் ஏரிப் பக்கம் கொஞ்சம் உலாத்திட்டு வரேன். திரும்பி வர மத்தியானம் ஆகும்" என்றேன்.

அவர் உடனே கயிறு எடுக்கவும் மாடுகளை அவிழ்க்கவும் போனார்.

நான் திரும்பியபோது கல் நிமிர்ந்து நின்றது. அடியில் அதே பழைய சின்னக் கற்கள். முனியப்பாவின் மனைவி முதல் பிடியைத் தூவிக் கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது?

முட்டு போனதால் இப்போது போர்டு சாய்ந்து கிடக்கிறது. அதை நிமிர்த்த முறைப்படி அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன் — அவசரம் ஒன்றுமில்லை!