பொரிகடலைக்கு அழைத்த இரண்டாயிரம் பேர்

அன்றைக்கு எங்கள் தையல் யூனிட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கும் என் தங்கை, துணி வெட்டும் மாஸ்டர், கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்த கம்ப்யூட்டர்காரத் தம்பி. தைக்கிற பெண்கள் மூவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

இரும்புலியூரில் ஒரு வாடகை மாடியில் நாங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப் கோட் தைக்கிறோம். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷில் எது வந்தாலும் முதலில் பயப்படுவேன், அப்புறம்தான் படிப்பேன். கம்பெனி பெயரில் சொந்தமாக மெயில் முகவரி வாங்கிய பிறகு அந்தப் பயம் தினசரி வேலையாகிவிட்டது. உங்கள் கணக்கு இன்றோடு மூடப்படும், உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது, உங்கள் மீது நடவடிக்கை என்று ஒரு நாளைக்கு முந்நூறு வரும். எல்லாம் டூப் என்பாள் தங்கை. அதில் ஒன்று மட்டும் நிஜமாக இருந்துவிட்டால் என்று கேட்பேன் நான்.

அந்த வாரம் என் கவலைக்கு நியாயமான காரணமே இருந்தது. பொத்தேரியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரிக்கு முந்நூறு கோட்டுக்குக் கொட்டேஷன் அனுப்பியிருந்தோம். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஆர்டர் வந்தால் மூன்று பெண்களுக்கும் வேலை ஓடும். வராவிட்டால் இரண்டு பேரை நிறுத்தியாக வேண்டும். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டேஷன் கிடைத்ததென்று கல்லூரி போட்ட பதில் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டதோ என்ற பயத்தில்தான் தம்பியை வரச் சொன்னேன்.

"அக்கா, மெயில் எந்த மெஷின்ல இருந்து வருதோ அதுக்கு ஒரு நம்பர் உண்டு" என்றார் தம்பி. "குப்பை அனுப்புற நம்பரையெல்லாம் லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க. பிளாக்லிஸ்ட். நம்ம சர்வர் அதைப் பாத்துட்டு, கெட்ட நம்பரா இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடும். மூணு லிஸ்ட் இருக்கு, எது வேணும்னு சொல்லுங்க."

"நல்லவங்க நம்பர் தப்பா அதுல ஏறிட்டா?"

"ஏறும்க்கா. முதல் லிஸ்ட் ரொம்பக் கறார். ஒருத்தன் தப்புப் பண்ணா அக்கம்பக்கத்து நம்பரையும் சேத்துப் போட்டுடுவான். சீக்கிரம் எடுக்கணும்னா பணம் கட்டச் சொல்வான். ரெண்டாவதுல என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்தா போதும், சும்மாவே எடுத்துடுவாங்க. மூணாவது கொஞ்சம் சாது."

எப்படிப் பார்ப்பது என்று காட்டுவதற்காக எங்கள் சர்வரின் நம்பரையே தட்டினார். முதல் இரண்டிலும் சிவப்பு விழுந்தது.

"அக்கா... லிஸ்ட்ல நீங்களே இருக்கீங்க."

போலீஸ் வருமா என்று கேட்டேன்.

"வரும்மா, வந்து கோட்டுக்கு அளவு குட்துட்டுப் போவும்" என்றார் மாஸ்டர், கத்திரியைக் கீழே வைக்காமலே.

"போன வாரம் நிறைய பேருக்கு ஏதாவது அனுப்பினீங்களா?" என்று தம்பி கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தையல் மெஷினைப் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். வாடிக்கையாளர்கள் நாற்பது பேர்தான். ஆனால் யாரையாவது விட்டுவிட்டால் மனத்தாங்கலாகிவிடுமே என்று, எங்களுக்கு இதுவரை மெயில் போட்ட எல்லா முகவரிக்கும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம். மூட்டுவலித் தைலம் விற்றவருக்கும், செத்துப்போன மாமாவின் சொத்தில் பங்கு தருகிறேன் என்றவருக்கும் இரும்புலியூருக்கு வந்து பொரிகடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி அழைப்பு போயிருந்தது.

தம்பி சிரித்து முடிக்கவே நேரமானது. குப்பை அனுப்புகிறவர்கள் பொய்யாகப் போட்டுக்கொண்ட அந்த முகவரிகளில் சில, ஆளே இல்லாமல் லிஸ்ட்காரர்கள் பொறியாக வைத்தவையாம். அதற்கு எழுதுகிறவர்களை லிஸ்ட்டில் ஏற்றிவிடுவார்களாம்.

எனக்கு வேறொன்று உறைத்தது. கொட்டேஷனை அனுப்பியது அந்த அழைப்புக்கு மறுநாள். "அப்போ நம்ம கொட்டேஷனையும் வாசல்லயே திருப்பியிருப்பாங்களா?"

"ரெண்டு இங்கிலீஷ் மெயில் வந்துச்சுக்கா, போய்ச் சேரலைன்னு என்னமோ" என்றாள் தங்கை மெதுவாக. "குப்பைன்னு அழிச்சுட்டேன்."

கல்லூரி ஸ்டோர்ஸ் அதிகாரிக்குப் போன் போட்டேன். "உங்க பூஜை இன்விடேஷன் வந்துச்சு மேடம், தேங்க்ஸ்" என்றார். "கொட்டேஷன்தான் வரல." நேரில் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "அஞ்சுக்குள்ள வந்தா வாங்கிக்கறேன்."

மணி மூன்றரை. தங்கை பிரிண்ட் எடுத்தாள், நான் கவரை ஒட்டினேன். அவசரத்தில் கோணலாக ஒட்டிக்கொண்டது. படியில் இறங்கும்போது தம்பி மேலிருந்து கத்தினார்: "எந்த லிஸ்ட்டுன்னு சொல்லிட்டுப் போங்கக்கா!"

"மூணாவது! நம்ம பேர் இல்லாதது!"

"இன்னாமா பேசுற?" என்றார் மாஸ்டர். "நம்மளையே புடிக்கத் தெரியாத லிஸ்ட்டு, திருடனை எங்க புடிக்கப் போவுது?"

நியாயமாகத்தான் பட்டது. கறாரானதை நினைத்தால் இன்னொரு பக்கம் பயம். என்னைப் போல ஒருத்தி எங்காவது பூஜைக்கு அழைத்துவிட்டு மாட்டிக்கொண்டிருப்பாள், அவள் பணத்துக்கு எங்கே போவாள்? "ரெண்டாவது போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தங்கை கிளப்பிய ஸ்கூட்டியின் பின்னால் ஏறினேன்.

வண்டலூரில் நெரிசல். சிக்னலுக்குச் சிக்னல் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தங்கை ஓட்டிய ஓட்டத்தில் என் செருப்பு ஒன்று ஜிஎஸ்டி ரோட்டிலேயே தங்கிவிட்டது. நாலு ஐம்பதுக்கு அதிகாரியின் மேஜை முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்றேன். அவர் காலைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

நடந்ததை அப்படியே எழுதித் தம்பி அனுப்ப, மறுநாளே இரண்டாவது லிஸ்ட்டிலிருந்து எங்கள் பெயர் போனது. கறாரான லிஸ்ட்டுக்குப் பணம் கட்டவில்லை. ஒரு வாரத்தில் அதுவாகவே விட்டுவிட்டது. குப்பை இப்போது நாளுக்கு முப்பதுதான். அந்த முப்பதையும் ஒரு முறை படித்துவிட்டுத்தான் அழிக்க விடுகிறேன்.

ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது. மூன்று பெண்களும் உட்கார்ந்து முந்நூறு கோட்டையும் தைத்துக் கொடுத்தார்கள். கோட் ஒன்று முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய், பாதிப் பணம் உடனே வந்தது. மீதிக்கு வாரம் ஒரு மெயில் போடுகிறேன். ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, ஃபைல் மேலே போயிருக்கிறது மேடம் என்று மரியாதையாகப் பதிலும் வருகிறது. பாக்கி ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.