ஒரு காலுக்கு நாலு கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மச்சான் நாகராசாவின் காலில் திருக்கை மீன் குத்திவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காலை மனிதர்கள் படுத்திய பாடு இருக்கிறதே... திருக்கையே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

நாகராசா என் மனைவியின் தம்பி. நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவன். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற தொழில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வழியால் போகிறவனும் நின்று நாலு இழுவை இழுத்துக் கொடுப்பான். போகும்போது அவன் கையில் ஒரு பிடி மீன் வைப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? அந்தக் கரையில் கயிற்றைக் கண்டால் ஒருவராலும் இழுக்காமல் போக முடியாது.

வலை கரையை நெருங்கும்போது முழங்கால் தண்ணீரில் இறங்கியவன் திருக்கையை மிதித்துவிட்டான். கணுக்காலுக்குப் பக்கத்தில் அதன் வால் முள் ஏறியது. அவனைப் பார்க்க டவுனிலிருந்து போயிருந்த நான் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் முழங்காலுக்குக் கீழே தேங்காய்த் தும்புக் கயிற்றால் கட்டிவிட்டார். விஷம் நெஞ்சுக்கு ஏறக் கூடாதாம்.

ஒரு கட்டு. அத்தோடு விட்டார்களா?

கூட இழுத்தவர் ஒருவர் வந்து, இது தளர்வு என்று சொல்லி, இன்னொரு கயிறு போட்டு, காலால் உதைத்து இறுக்கினார். நனைந்த தும்புக் கயிறு ஏற்கெனவே தானாக இறுகுகிற சாதி. மற்றவர்கள் ஆளுக்கொரு இழுவை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பிறகு நானும் இன்னொருவரும் அவனைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினோம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த நேரத்தில் வேறு வாகனம் ஏது?

பஸ்ஸில் கொண்டக்டர் காலைப் பார்த்தார். பாதம் வீங்கி, நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. விஷம் ஏறுகிறது என்று முடிவு கட்டினார். மேலே சாமான் கட்டியிருந்த கயிற்றில் ஒரு துண்டு அறுத்து மூன்றாவது கட்டு. உப்புவெளியில் ஏறிய கிண்ணியா வியாபாரி ஒருவர் இன்னும் நல்ல மனிதர். சாரத்துக்கு மேல் கட்டியிருந்த அகலமான பெல்ட்டையே கழற்றித் தொடையில் போட்டு இறுக்கினார். மிச்சப் பயணம் முழுக்க ஒரு கையால் சாரத்தைப் பிடித்தபடி நின்றார். அவரைக் கோபிக்க முடியுமா, சொல்லுங்கள்?

கொஞ்ச நேரத்தில் நாகராசா முனகுவதை நிறுத்தினான்.

"அத்தான், இப்ப நோவே இல்லை. கால் ஒண்டு இருக்கிற மாதிரியே தெரியேல்லை."

பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். கட்டு வேலை செய்கிறதாம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் நகத்தை அமுக்கினால் வெளுக்கும், விட்டால் சிவக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? நெஞ்சு தள்ளிவிடுகிற ரத்தம் அதுவரை வந்து போகிறது என்று அர்த்தம். அவன் பெருவிரல் நகத்தை அமுக்கினேன். வெளுத்தது. விட்டேன்... வெளுத்தபடியே இருந்தது. பாதம் ஐஸ் மீனைத் தொட்டது போல.

கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று கொண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். நீர் என்ன டொக்டரோ என்று அவர் திருப்பிக் கேட்டார். பேசாமல் பெல்ட்டில் கை வைத்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல்:

"பெண்சாதியின்ர தம்பியைக் கொல்ல இப்பிடியும் ஒரு வழியோ?"

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஆம், எடுத்துவிட்டேன். மச்சானின் கால் ஒரு பக்கம், நாலு பேர் என்னைப் பார்க்கிற வெட்கம் மறுபக்கம். வெட்கம் வென்றது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது காலா, பொதியா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார். பிறகு ஏச்சு. அதுவும் எனக்குத்தான். சேட்டும் சப்பாத்துமாகப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தானே!

"ரத்தம் காலுக்குப் போற குழாய் ஆழத்தில ஓடுது. திரும்பி நெஞ்சுக்கு வாற குழாய்கள் தோலுக்குக் கிட்ட. முதல் கட்டு வாற வழியை அடைச்சுது. போனது திரும்ப ஏலாமல் வீங்கிச்சுது. உங்கட ஆக்கள் வீக்கத்தைக் கண்டு இன்னும் இறுக்க, போற வழியும் அடைபட்டுது. இன்னும் ரெண்டு மணித்தியாலம் இப்பிடியே விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும். திருக்கைக்குக் கட்டே தேவையில்லை. பொறுக்கக்கூடிய சுடுதண்ணியில காலை வைச்சுப்போட்டு இஞ்ச வாறதுதான்."

அதாவது, வீங்கியது விஷத்தால் மட்டுமல்ல, கட்டியதாலும்தான். கட்டினார்கள், வீங்கியது. வீங்கியது, கட்டினார்கள்!

நகத்தை அமுக்கிப் பார்த்ததை அவரிடம் சொன்னேன்.

"அப்ப தெரிஞ்சிருக்கு. ஏன் அவிழ்க்கேல்லை?"

அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது சிவக்க எடுத்த நேரம் இருக்கிறதே... நிலாவெளியிலிருந்து டவுன் வந்த நேரத்தைவிட நீளம். முதலில் ஓரத்தில் ஒரு கீற்று. பிறகு நகம் முழுக்க. உடனே நாகராசா கூரை அதிரக் கத்தினான். அவ்வளவு இனிமையான கத்தலை நான் கேட்டதில்லை. டொக்டர் சுடுதண்ணீரில் தன் கையை வைத்துச் சூடு பார்த்து, அதில் காலை இறக்கினார். அரை மணித்தியாலத்தில் நோவு அடங்கியது.

கதை முடிந்தது என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவனைப் பார்க்கப் போனால், வீட்டு வாசலில் ஒரு கூட்டம். நடுவில் சம்மாட்டியார். கட்டுப் போட்டபடியால்தான் ஆள் தப்பினான் என்று விளக்கம் நடக்கிறது. காலுக்குச் சொந்தக்காரனும் தலையாட்டுகிறான்!

இந்த முறை வாயைத் திறந்தேன். டொக்டர் சொன்னதை, ஒரு சொல் விடாமல், எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

சம்மாட்டியார் பொறுமையாகக் கேட்டார். "டொக்டர் அப்பிடித்தான் சொல்லுவார். விசம் ஏறியிருந்தால் அவருக்கென்ன, எங்களுக்கல்லோ ஆள் போயிருப்பான்" என்றார். கூட்டம் 'ஓம்' என்றது.

குனிந்து நாகராசாவின் காலைப் பார்த்தேன். திருக்கை குத்திய இடம் ஒரு மிளகளவு. நாங்கள் உதவி செய்த தடம் நாலு விரல் அகலம்.