எந்த ஊர், எவடம்?

யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் லண்டன் ஹரோவில் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "எந்த ஊர்? ஊரில எவடம்?" எவடம், அதாவது ஊரில் எந்தப் பகுதி என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அதுதான் விஷயம், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இமயமலை அடிவாரத்துக்காரர். ஊரைக் கேட்டால் ஏதோ நகரத்தின் பெயரைச் சொல்வார். "நகரம் சரி, அதில் எவடம்?" என்றால் உடனே தன் ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

போன வசந்தத்தில் நானும் கணவரும் அந்தப் பக்கம் சுற்றுலா புறப்பட்டபோது அவர் ஒரு பார்சலோடு வந்தார். ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு ஒரு கம்பளிச் சால்வை. இருபது வருடமாகப் பேச்சு இல்லையாம்.

"வாங்குவாளோ தெரியாது," என்றார்.

பார்சலின்மேல் ஊர்ப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். கடைசியில் கறந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

மலைப்பாதையில் ஜீப்பை நிறுத்தி நிறுத்தி, லண்டன் சவுத்தாலின் வட இந்தியக் கடைகளில் பொறுக்கிய ஹிந்தியில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் முறைத்தார்.

"உம்மட ஹிந்தி ஒருத்தருக்கும் விளங்கேல்லை," என்றார் கணவர்.

நன்றாகவே விளங்கியிருக்கிறது. தேநீர்க் கடைக்காரர் எதிரே இருந்த புது ஊர்ப்பெயர்ப் பலகையைக் காட்டினார். பழைய பெயர் ஒரு சாதியை இழிவாகக் கூப்பிடும் சொல்லாம். ஊர்ச்சனம் வருடக்கணக்காக மனுப் போட்டு அதை மாற்ற வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் நான் மலை முழுக்கக் கூவிக்கொண்டு வந்திருக்கிறேன்! வெட்கத்தில் காது சுட்டது. அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

கடைக்காரர் காட்டிய வீட்டில் தங்கை பார்சலைக் கையில் வாங்கவில்லை. மேலே எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் மனுவுக்கு அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டேன். அந்த ஊரே தனக்குத் தெரியாது என்று பதில் போட்டார். இப்போது பாருங்கள், தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அதுவும் நாங்கள் அழித்த பிறகு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு பார்சலைப் பிரித்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, விறுவிறு என்று நடந்து பலகைக்குக் கீழே போய் நின்றார்.

"படம் எடுங்கள். பெயர் முழுதாக விழவேண்டும்."

ஹரோவுக்குத் திரும்பி, தோட்டத்து வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். அவர் முதலில் தங்கையைப் பார்த்தார். பிறகு பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இத்தனை வருடம் கேட்டீர்களே," என்றார், "இப்போது கேளுங்கள்."

கேட்டேன், "நீங்கள் எந்த ஊர்?"

தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார்.