கேட்டக்கா கேட்ட பச்சைக்கொடி

ரயில்வே கேட்டில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் கேட்டக்கா என்றே கூப்பிடுவார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டை இறக்கிப் பூட்டுவாள். தண்டவாளத்தை இருபுறமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் டிரைவருக்குப் பச்சைக்கொடி.

ஒருநாள் காலை, தையற்காரரான அவள் கணவர் பேப்பரை விரித்தார்.

"இந்தா, உன் கேட்டுல மேம்பாலம் கட்ட மந்திரி பச்சைக்கொடி காட்டிட்டாராம்."

"மறுபடியுமா? நாலு வருஷத்துல இது மூணாவது கொடி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. போன வாரம்தான் பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸ் கேட்டில் மாட்டிக்கொண்டது. ரயில் போய் முடிவதற்குள் குழந்தை வண்டியிலேயே பிறந்துவிட்டது. நல்லவேளை, இரண்டு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விடுமுறை நாளில் நில அளவை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். "அளக்கச் சொல்லி உத்தரவே வரலம்மா," என்று கையை விரித்தார் குமாஸ்தா.

அடுத்த மாதம் மந்திரியின் காரே அவள் கேட்டில் நின்றது. பொறுமை போய் அவர் இறங்கி வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"ஆறு நிமிஷம் ஐயா. நான் பச்சைக்கொடி காட்டினா வண்டி போயிடும். நீங்க நாலு வருஷமா காட்டுறீங்க, ஒரு கல்லுகூட நகரலையே?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மந்திரியின் முகம் சுருங்கியது. "பால வேலை எந்த இடத்துலம்மா நிக்குது?" என்றார். அளக்கவே உத்தரவு போகவில்லை என்று அவள் சொன்னாள். அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார்.

"பாலம் வந்தா கேட்டை எடுத்துடுவாங்களே, உனக்கு வேலை?" அன்று ராத்திரி தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார் கணவர்.

"வேற எங்கயாச்சும் போடுவாங்க. அந்தப் புள்ளத்தாச்சி கத்தினது இன்னும் காதுலயே நிக்குதுங்க."

பத்தே நாளில் அளப்பவர்கள் வந்தார்கள். பாலம் முடிய இரண்டு வருடம் பிடித்தது. அவளை எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். முதல் நாள் வேலைக்குப் போகையில் பஸ் நிற்காமல் பாலத்தில் ஏறியது. உட்கார இடமிருந்தும் அவள் எழுந்து நின்று, ஜன்னல் வழியாகக் கீழே ஓடும் தண்டவாளத்தைப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.